பதின்ம வயதில் தாயானவர்கள் படிப்பைத் தொடர்வது எப்படி

பதினாறு, பதினேழு வயதில் கைக்குழந்தை வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்" என்பதுதான். அந்த அப்புறம் பலருக்கு வருவதே இல்லை. அதனால் பள்ளியில் பெயரை எடுக்கவிடாதீர்கள். விடுப்பு என்று எழுதிக் கொடுங்கள், திரும்பி வரும் தேதியையும் அதிலேயே குறியுங்கள்.

முதல் சில வாரம் படிக்க முடியாது, முயற்சிகூட வேண்டாம். பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும், அதற்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. அதற்குப் பிறகும் "தினம் இரண்டு மணி நேரம்" என்று அட்டவணை போட்டால் மூன்றாம் நாளே கிழிந்துவிடும். குழந்தை எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், பாடத்தை இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்: ஒரு கணக்கு, ஒரு பத்தி, ஒரு படம். விட்ட பக்கத்தில் பென்சிலைச் செருகி, பால் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை வையுங்கள். குழந்தை தூங்கியபின் புத்தகத்தைத் தேடினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

"யாராவது பார்த்துக்குவாங்க" என்பது ஏற்பாடே இல்லை. ஒருவரிடம் நேராகக் கேளுங்கள்: செவ்வாயும் வியாழனும், பத்திலிருந்து ஒரு மணி வரை. அவருக்கு முடியாமல் போனால் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள், காய்ச்சல் எப்போதும் பரீட்சைக்கு முந்தின நாள்தான் வரும்! பிழிந்தெடுத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் (25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தால்) 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை தாங்கும். மூன்று மணி நேரப் பரீட்சையில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், கசியும். கிளம்புமுன் பால் கொடுத்துவிட்டு, உள்ளாடைக்குள் சுத்தமான துணி வைத்துக்கொண்டு போங்கள்.

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. கஷ்டமான சூழலிலும் தேறி வந்த பிள்ளைகளுக்கு, கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும், அதனால் பள்ளியில் ஒரு டீச்சரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள், அது சோம்பேறித்தனம் இல்லை. போகும்போது கருத்தடை பற்றியும் கேட்டுவிடுங்கள். அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது உடம்புக்காகச் சொன்னது, ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒரு பொதுத்தேர்வை முடித்துவிடலாம்.