தூங்கி எழுந்தால் திரை கறுப்பா? ஆர்டிசிவேக் வைத்துச் சோதியுங்கள்

லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மாற்றிய பிறகு லேப்டாப் சஸ்பெண்டிலிருந்து எழும்போது திரை கறுப்பாகவே நின்றால், கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டும்போது ஒவ்வொரு கெர்னலையும் கையால் மூடித் திறந்து பார்க்காமல், கணினியைத் தூங்க வைத்துக் குறித்த நேரத்தில் தானே எழுப்பும் ஆர்டிசிவேக் (rtcwake) கட்டளையை ஒரு லூப்பில் போட்டு, 20 வினாடித் தூக்கம், கொஞ்சம் விழிப்பு என்று 20 தடவை ஓட விடுங்கள். எல்லாம் தாண்டினால்தான் அந்தக் கெர்னலை பைசெக்ட்டில் "குட்" (கோளாறு இல்லாதது) என்று குறிக்க வேண்டும்.

காரணம் எளிது. பைசெக்ட் ஒவ்வொரு படியிலும் பாதி மாற்றங்களைத் தூக்கி எறிகிறது, அதனால்தான் 16,000 மாற்றங்கள் இருந்தாலும் 14 படிகளில் முடிகிறது. ஆனால் ஐந்தில் ஒரு தடவை மட்டும் வரும் கோளாறை ஒரே தடவை பார்த்துவிட்டு "குட்" என்று சொன்னால் குற்றவாளி இருக்கும் பாதியையே எறிந்துவிடுகிறோம், அப்புறம் மிச்சப் படிகள் எல்லாம் வீண். தூங்கும்போது ஏதாவது ஒரு முப்பரிமாண நிரல் ஓடிக்கொண்டிருக்கட்டும், சும்மா இருக்கும் ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) பல சமயம் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். உங்கள் கணினியில் இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் சேர்க்கும் லோக்கல்மாட்கான்ஃபிக் (localmodconfig) போட்டுக் கம்பைல் செய்தால் காத்திருப்பும் வெகுவாகக் குறையும்.

முதலில், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். அதிலும் கோளாறு வந்தால் மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகமோ ஃபர்ம்வேரோ பயாஸோ மாறியிருக்கலாம், கெர்னலை பைசெக்ட் செய்து பயனில்லை. என்விடியாவின் தனியுரிம டிரைவருக்கும் இது ஆகாது, அதன் பதிப்புகளைத்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.