மொட்டைமாடி சோலார் வாட்டர் ஹீட்டரிலிருந்து கீழ்வீட்டுக் குளியலறைக்குச் சுடுநீர் சீக்கிரம் வர

இரவெல்லாம் குழாயில் தேங்கி ஆறிய நீர் முழுதும் வெளியேறினால்தான் பின்னாலிருக்கும் சுடுநீர் வந்து சேரும். அந்த அளவை முதலில் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் சிபிவிசி பைப்பில் (சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஒரு இன்ச் என்றால் சுமார் 430 மில்லி, முக்கால் இன்ச் என்றால் 260, அரை இன்ச் என்றால் 120 மில்லி நிற்கும். 20 மீட்டர் ஒரு இன்ச் லைனில் எட்டரை லிட்டர். குழாயும் சூட்டை இழுத்துக்கொள்வதால் இன்னும் கொஞ்சம் கூடும்.

வாளியில் பிடித்துப் பாருங்கள். கணக்குக்கு இரண்டு மடங்கு வந்தும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லையா? அப்படியானால் எங்கோ பச்சைத்தண்ணீர் கலக்கிறது. சோலார் டாங்கின் சுடுநீர் வால்வை மூடிவிட்டுக் கீழே சுடுநீர்க் குழாயைத் திறங்கள். லைனில் மிச்சமிருந்தது வடிந்த பிறகும் தண்ணீர் கொட்டினால், ஒரு மிக்சர் (சுடுநீரும் பச்சைத்தண்ணீரும் சேரும் குழாய்) வழியாகக் கலக்கிறது. மிக்சரின் இரு பக்கத்தையும் திறந்தே விட்டு, கைப்பிடியில் மட்டும் அடைத்த ஹேண்ட் ஷவரை முதலில் பாருங்கள். பணம் செலவழிக்கும் முன் இந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள்.

புதிதாக லைன் போடுவதானால், தரைத்தளத்துக் குளியலறை ஒன்றுக்கு டாங்கிலிருந்து தனி அரை இன்ச் போதும். இரண்டு மாடி உயரம் தேவையான அழுத்தத்தைத் தந்துவிடும்; 20 மீட்டருக்கு நிற்பது இரண்டரை லிட்டர்தான். மேல்மாடிக்கு அழுத்தம் குறைவு, அங்கே முக்கால் இன்ச் வேண்டும். பைப்புக்கு நைட்ரைல் ரப்பர் உறை போட்டால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு நன்மை. விடியற்காலையின் முதல் வாளிக்கு உதவாது. வெயில் படும் இடத்தில் உறைமேல் அலுமினிய டேப் சுற்றுங்கள்.

காத்திருக்கவே கூடாது என்றால், கடைசிக் குழாயிலிருந்து டாங்கின் குளிர்நீர்ப் பக்கத்துக்கு அரை இன்ச் ரிட்டர்ன் லைன், சுடுநீர் தாங்கும் சிறிய சர்க்குலேஷன் பம்ப், அம்புக்குறி டாங்கை நோக்கியபடி ஒரு என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடுங்கள். என்ஆர்வி இல்லையென்றால் குழாயைத் திறந்ததும் ரிட்டர்ன் வழியாகப் பச்சைத்தண்ணீர் வரும். பம்பை 24 மணி நேரமும் ஓட விடாதீர்கள், இரவிலேயே டாங்க் ஆறிவிடும். குளிக்கப்போகும் முன் அழுத்த ஒரு ஸ்விட்ச், ரிட்டர்ன் பைப் 40 டிகிரி தொட்டதும் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட் வையுங்கள்.

ரிட்டர்ன் லைனுக்கு இடமில்லையா? குளியலறையில் 10 லிட்டர் கீசரை மாட்டி, சோலார் லைனை அதன் உள்வாயில் கொடுங்கள். லைனில் நிற்கும் நீரைவிடக் கீசரின் கொள்ளளவு பெரிதாக இருக்க வேண்டும். நீரைத் தேக்காமல் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் கீசர் இதற்குப் போதாது; 3 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தை 9 டிகிரிதான் கூட்டும். சோலார் நீர் மதியத்தில் 70 டிகிரியைத் தாண்டலாம். வாங்கப்போகும் கீசர் மாடல் அவ்வளவு சூட்டை உள்வாயில் தாங்குமா என்று கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.