பார்க்கின்சன் மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி? கிளினிக்கில் புதிதாக உட்காரும் வைத்தியருக்கு

இலவச ஆஸ்பத்திரி உள்ள நாட்டில் மருந்துச் செலவெல்லாம் ஒரு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. திருகோணமலையில் ஒரு கிளினிக் நாளில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் விளங்கிவிடும். கொப்பியில் எழுதியதில் சில குளிசைகள் கிடைக்கும், மீதிக்கு ‘வெளியில வாங்குங்கோ’ என்று துண்டு வரும். காய்ச்சல்காரருக்கு அந்தத் துண்டு ஒரு நாள் செலவு. பார்க்கின்சன் உள்ளவருக்கு அது வருடக்கணக்கில் வரும், போகப்போக அளவும் கூடும். 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவும் இல்லை.

உதவி என்றதும் பலருக்கு வெளிநாட்டு உறவும் கொடையாளியும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களைப் பிறகு தேடலாம். செலவு தொடங்குகிற இடம் நம் பேனா, அங்கேயே நிறையக் குறைக்கலாம்.

படி 1: பையைக் கொட்டிப் பாருங்கள்

“மருந்து ஒழுங்காப் போடுறீங்களா ஐயா?” என்று கேட்டால் “ஓம் டொக்டர்” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். “போன மாதம் குளிசை முடிஞ்சு சும்மா இருந்த நாள் உண்டா? பாதியா உடைச்சுப் போட்டீங்களா?” என்று, அப்படிச் செய்வது எல்லாருக்கும் வழக்கம் என்ற தொனியில் கேளுங்கள். கூட வந்தவரையும் கேளுங்கள். கிண்ணியாவிலிருந்து தகப்பனைக் கூட்டி வரும் மகள், “வாப்பா பகல் குளிசைய விடுறார் டொக்டர், இரவைக்கு வேணுமெண்டு” என்று மெதுவாகச் சொல்வா. அந்த ஒரு வரி தெரியாவிட்டால், பகலில் அவர் விறைத்து நிற்பதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று நினைத்து, இன்னொரு மருந்தைக் கூட்டி எழுதுவோம். வாங்க முடியாதவருக்கு மேலும் ஒரு துண்டு!

பையில் இருக்கும் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்லுங்கள். அட்டையில் மிஞ்சிய குளிசைகளை எண்ணினால் கணக்குத் தெரிந்துவிடும். சித்த மருந்துச் சூரணம் இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல். பார்க்கின்சனுக்கு நாம் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா, பூனைக்காலி விதையில் இயற்கையாகவே உண்டு. ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாததுதான் சிக்கல். நாம் கொடுக்கும் அளவோடு அது சேர்ந்தால் கைகால் தானாக நெளியத் தொடங்கலாம்.

படி 2: வேண்டாததை நிறுத்துங்கள்

மெட்டோக்ளோப்ரமைட், புரோக்ளோர்பெரசின், சின்னரிசின், ஃப்ளூனாரிசின். வாந்திக்கும் தலைச்சுற்றுக்கும் எங்கும் கொடுபடும் சாதாரணக் குளிசைகள் இவை. அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற பொருள் மூளையில் வேலை செய்வதை இவை தடுப்பதால் பார்க்கின்சன் அறிகுறிகள் கூடும், சிலருக்கு நோயே இல்லாமல் நடுக்கமும் விறைப்பும் வரும். தலைச்சுற்றுக்கென்று மாதக்கணக்கில் சின்னரிசின் போட்டு, அதனால் வந்த விறைப்புக்கு லெவோடோபாவும் போடுகிறவர் இரண்டுக்கும் காசு கொடுக்கிறார். வாந்திக்கு ஏதாவது வேண்டுமென்றால் இதயத்தைக் கவனித்து டொம்பெரிடோன் கொடுக்கலாம். ஹலோபெரிடோல் போன்ற மனநல மருந்துகளை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரோடு பேசுங்கள்.

படி 3: எது கடைசி வரை இருக்க வேண்டும்?

லெவோடோபா. 1960களில் வந்த மருந்து, அசைவைத் திருப்பிக் கொடுப்பதில் இன்றுவரை அதை மிஞ்சிய குளிசை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதன் துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்ந்து இருப்பதும் அதுதான். வீட்டில் காசு தட்டுப்பட்டால் மற்றவற்றைக் குறைத்தாவது இதைக் காப்பாற்ற வேண்டும். இதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் விலையைப் பார்த்துத்தான் தெரிவு செய்வார்கள், சிலவேளை நிறுத்தக் கூடாததையே நிறுத்துவார்கள்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மற்றக் குளிசைகளில் ரசாகிலின், செலெஜிலின் இரண்டுக்கும் பலன் மிதமானதுதான். குடும்பம் திணறினால் நான் முதலில் மறுபரிசீலனை செய்வது இவற்றை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் இளவயதில் நோய் வந்தவர்களுக்கு நன்றாக உதவும், ஆனால் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குதல் போன்ற அடக்க முடியாத பழக்கங்களைக் கிளப்பக்கூடும். அப்படி ஒன்று கிளம்பினால் குடும்பத்துக்கு மருந்து விலையைவிடப் பெரிய செலவு.

ட்ரைஹெக்சிபெனிடில் மலிவு, நடுக்கத்துக்கும் கேட்கும். ஆனால் எழுபது தாண்டியவருக்கு அதை எழுதினால் மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு என்று வாட்டில் படுக்க வைக்கும். மலிவென்பதற்காக அதன் பக்கம் போகாதீர்கள்.

மருந்துக் கம்பனிப் பிரதிநிதி தந்த இலவச மாதிரிப் பெட்டியை வைத்துப் புதிய மருந்தைத் தொடங்குவதும் வேண்டாம். பெட்டி முடிந்தபின் அதைத் தொடர்வது யார்?

படி 4: பெட்டியிலுள்ள எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

காசும் உடம்பும் சேர்ந்து வீணாகும் இடம் இது, கொஞ்சம் நின்று போவோம்.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த ஒரு பிராண்ட் சின்டோபா. சின்டோபா 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மில்லிகிராம். 275 என்றால் 250உம் 25உம். 100க்கு 25 சேர்ந்த குளிசை வேறாக உண்டு. பிரித்தானியாவிலிருந்து உறவினர் அனுப்பும் பெட்டியில் 25/100 என்று கார்பிடோபா முன்னால் நிற்கும். இன்னொரு பிராண்டான மடோபார் 125 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபாவுக்குப் பதில் பென்செராசைட் 25.

கார்பிடோபா எதற்கு? லெவோடோபா மூளைக்குப் போகுமுன் வயிற்றிலும் இரத்தத்திலும் உடைந்துவிடாமல் தடுக்க. அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வேண்டும். இப்போது கணக்குப் பாருங்கள். நீங்கள் 100/25ஐ மூன்று வேளைக்கு எழுதுகிறீர்கள், கார்பிடோபா 75. பாமசியில் அது இல்லை, 110 கொடுக்கிறார்கள், அதே மூன்று வேளை. லெவோடோபா குறையவில்லை, ஆனால் கார்பிடோபா 30க்கு இறங்கிவிட்டது. நோயாளிக்குக் குமட்டுகிறது, குளிசையின் பலனும் குறைகிறது. பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரிக்குப் போகிறார், வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைட் வாங்குகிறார், விறைப்பு கூடுகிறது. அடுத்த மாதம் உங்களிடம் வந்து ‘இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்ல’ என்கிறார். ஒரு எண் மாறியதற்கு இத்தனை செலவு.

ஆகவே மருந்தின் பொதுப் பெயரையும் இரண்டு மில்லிகிராம் அளவுகளையும் தனித்தனியாக எழுதுங்கள்: ‘லெவோடோபா 100 + கார்பிடோபா 25’. பொதுப் பெயரில் எழுதினால் பாமசியில் இருப்பதில் மலிவான பிராண்டை வாங்கலாம். பேராசிரியர் சேனக பிபிலே தலைமையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். அந்தக் கூட்டுத்தாபனத்தின் பாமசியான ஒசுசலவில் விலை கேட்காமல் தனியார் பாமசியில் வாங்க வேண்டாமென்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள். பிராண்டை மாற்றியபின் இரண்டு வாரத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சாதாரணக் குளிசையைப் பாதியாக வெட்டலாம். 275இல் பாதி, 125உம் 12.5உம். சிலவேளை அது மலிவாகவும் முடியும், கார்பிடோபாக் கணக்கை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். வெட்டுவது வீட்டில் வேறொருவரின் வேலை, நடுங்கும் கையில் கத்தியைக் கொடுக்க வேண்டாம். மெதுவாகக் கரையும் குளிசைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

படி 5: விலை கூடிய வடிவங்களைப் பிரித்து எழுதுங்கள்

லெவோடோபா, கார்பிடோபா, லெவோடோபாவின் பலனை நீட்டும் என்டகபோன் மூன்றும் ஒன்றாக உள்ள குளிசை வசதியானது, விலையும் அதற்கேற்றதுதான். என்டகபோன் 200ஐத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் ஒரே வேளையில் போடலாம். இரண்டு விலையையும் பாமசியில் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். நாளுக்கு ஒருமுறை போடும் பிரமிபெக்சோலைச் சாதாரணக் குளிசைக்கு மாற்றினால் நாளின் மொத்த அளவு அப்படியே இருக்கும், மூன்று வேளையாகப் பிரியும்.

மெதுவாகக் கரையும் லெவோடோபாவில் கவனம் தேவை. அதிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 30 வீதம் குறைவு. சாதாரணக் குளிசைக்கு மாற்றும்போது மொத்த அளவைக் கொஞ்சம் இறக்கி, வேளைகளை நெருக்க வேண்டும். இந்த மாற்றத்தை நரம்பியல் வைத்தியரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

படி 6: வாங்கிய குளிசை வேலை செய்யட்டும்

மீனும் பருப்பும் தயிரும் உள்ள சாப்பாட்டோடு போட்டால் லெவோடோபா சரியாக உறிஞ்சப்படாது, புரதம் அதன் வழியில் போட்டிக்கு நிற்கும். மூதூர்ச் சட்டித் தயிரை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, விடவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது ஒரு மணி நேரம் பின்னால் போட்டால் போதும். இரும்புச் சத்துக் குளிசைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் கேட்டுப் பாருங்கள், பலருக்கு அளவைக் கூட்டாமலே அதைச் சரிசெய்தால் குளிசை நன்றாகக் கேட்கும்.

படி 7: துண்டு எழுதுமுன் மருந்தாளரிடம் நடந்து போங்கள்

‘மருந்து இல்லை’ என்பதற்குப் பல பொருள் உண்டு. அந்த அளவு இல்லை, வேறு அளவு இருக்கிறது. இங்கே இல்லை, கந்தளாயில் இருக்கிறது. வந்துகொண்டிருக்கிறது, அடுத்த வாரம் வரும். நோயாளிக்கு இது தெரியாது, நீங்கள் கேட்டால் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்கிடையே மருந்து மாற்றிக்கொள்ளலாம், உள்ளூர்க் கொள்வனவுக்கும் எழுதலாம். இத்தனை நோயாளி, மாதம் இத்தனை குளிசை என்று எண்ணிக்கையோடு எழுதினால் கோரிக்கைக்கு வலு. இதற்கு மருந்தாளரோடு சேர்ந்து ஒரு சின்னப் பட்டியல் வைத்திருங்கள்.

பஸ் காசும் மருந்துக் காசுதான். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ விறைத்த உடம்போடு வருபவருக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் நாட்கூலி போய்விடும். நிலைமை சீராக இருந்தால் மாதக் குளிசையை அவர் ஊருக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் எடுக்கக் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் நேரங்களையும் எழுதுங்கள். ‘நாளுக்கு நான்கு’ போதாது, ‘6, 10, 2, 6 மணிக்கு’ என்று இருக்க வேண்டும்.

படி 8: பிரதேச செயலகத்துக்குப் போகும் காகிதம்

2023இல் தொடங்கிய அரச நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கொடுப்பனவுகள் உண்டு. 60 வயது தாண்டியவர் மூத்தோர் அடையாள அட்டை எடுக்கலாம். கிராம சேவகரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்க்கச் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வைத்திய அறிக்கையில் ‘பார்க்கின்சன் நோய்’ என்று மட்டும் எழுதினால் அதை வாசிக்கும் உத்தியோகத்தருக்கு ஒன்றும் புரியாது. குளிசையின் வேகம் இறங்கிய நேரத்தில் என்ன முடியாது என்று எழுதுங்கள்: தனியே எழும்ப முடியாது, பொத்தான் போட முடியாது, மலசலகூடம் போக ஆள் வேண்டும்.

படி 9: குளிசை தீரும் நாளுக்கு முன்கூட்டியே

லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பு, காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், தமிழில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கான குளிசை மிஞ்சும்போதே தேடத் தொடங்க வேண்டும். கிடைக்காவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஓபீடீக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வரலாம் என்றும் சொல்லி வையுங்கள். கார்பிடோபா உள்ளது இல்லாமல் பென்செராசைட் உள்ளது மட்டும் இருந்தால், லெவோடோபா அளவு பொருந்தும்படி மாற்றி எழுதிக் கொடுங்கள். ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பாதீர்கள்.