சாப்பிட மறுக்கும் பிள்ளை: எந்த டாக்டர், என்ன சிகிச்சை

"வயிறு உப்பிக்கிட்டே இருக்கும்மா, பசிக்கல." மாதக்கணக்கில் இதே பேச்சு, தட்டில் பாதிச் சோறு அப்படியே. வயிற்று டாக்டர், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்த பிறகும் பிள்ளை இளைத்துக்கொண்டே போனால், அடுத்துப் போக வேண்டிய இடம் மனநலப் பிரிவு. குண்டாகிவிடுவோம் என்ற பயம்தான், உணவை ஒதுக்கி உடம்பை நலிய வைக்கும் மனநோயான அனோரெக்சியாவின் அடையாளம் என்று பாடநூல்கள் எழுதும். ஆனால் ஆசிய நோயாளிகளில் பலர் அந்தப் பயத்தைச் சொல்வதே இல்லை. வயிற்று உப்புசம், பசியின்மை என்றுதான் சொல்வார்கள். ஹாங்காங் மருத்துவர்கள் இதை 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். "அவள் டயட் எல்லாம் இருக்கல டாக்டர்" என்று அம்மா சொல்வதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காசநோய், தைராய்டு, முதல் வகை சர்க்கரை நோய், குடல் அழற்சி எல்லாமே உடம்பை இளைக்க வைக்கும். அதனால் முதல் சந்திப்பு பொது மருத்துவரிடமோ குழந்தை நல மருத்துவரிடமோ இருக்கட்டும்.

உண்ணுதல் கோளாறுகளில் இது எந்த வகை என்று தெரிய வேண்டியது சிகிச்சை மாறுவதால்தான். அனோரெக்சியாவில் உணவு குறைந்துகொண்டே போகும், உடல் நலிந்தாலும் நலிந்ததாக அவருக்குத் தெரியாது. முன்பு பருமனாக இருந்தவர் வேகமாக இளைத்து இப்போது "சரியான எடை"யில் இருந்தாலும் ஆபத்து அதே அளவுதான். ஊரே பாராட்டும் என்பதால் இவரைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். புலிமியாவில் கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிடுவதும், பிறகு வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அளவுமீறிய உடற்பயிற்சி என்று அதை ஈடுகட்டுவதும் வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் நடக்கும். எடை பெரும்பாலும் மாறாது. பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் தாடையோரம் வீக்கம், பல் கூச்சம், சாப்பிட்டதும் குளியலறை என்று வேறு வழியில்தான் வெளியே தெரியும். ஈடுகட்டல் இல்லாமல் பெருந்தீனி மட்டும் இருந்தால் அது தனி நோய். 'ஆர்ஃபிட்' என்பது நான்காவது: உடல் தோற்றம் பற்றிய கவலையே கிடையாது. உணவின் வழவழப்பு, மணம், அல்லது எப்போதோ தொண்டையில் சிக்கிய பயம் காரணமாக நாலைந்து பண்டங்களோடு நின்றுவிடும் குழந்தைகள் இவர்கள். பையன்களுக்கும் இவை எல்லாம் வரும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது பழைய எடைக் குறிப்புகள், மாதவிடாய் கடைசியாக வந்த தேதி, மயக்கம் வந்த நாட்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். பிள்ளை எதிரில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தச் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் இவ்வளவும் பார்க்கப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உடல் கடைசி வரை அந்த அளவுகளைத் தூக்கிப் பிடித்திருக்கும்.

விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே, மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, தண்ணீர்கூட இறங்காமை, சாவதைப் பற்றிப் பேசுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் பாசத்தால் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாத பிள்ளை ஒருவழியாகச் சம்மதித்ததும் நெய்ச்சோறு, பாயாசம் என்று குவித்துவிடுவது. பட்டினிக்குப் பழகிய உடம்பில் மாவுச்சத்து திடீரென நுழைந்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும், இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த கைதிகள் விடுதலைக்குப் பின் இப்படி இறந்தார்கள். அதனால் இந்த நிலையில் உணவை ஆரம்பிப்பது மருத்துவக் கண்காணிப்பில்தான்: முதலில் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையோ ஊசியோ, பிறகு அளவாக ஏற்றப்படும் உணவு, முதல் சில நாட்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதற்காகப் பயந்து குறைவாகவே கொடுத்துக்கொண்டிருப்பதும் தவறு. அளவு மருத்துவர் சொல்கிற வேகத்தில் ஏற வேண்டும்.

உயிராபத்து நீங்கியதும் உண்மையான வேலை தொடங்குகிறது. பதின்வயது அனோரெக்சியாவுக்கு இன்று முதல் தேர்வு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள். பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைத் தருவது இரண்டாம் கட்டத்தில், மெதுவாக. படிப்பு, நட்பு, வயதுக்கேற்ற சுதந்திரம் எல்லாம் மூன்றாவதில். மொத்தம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். நடைமுறையில் இதன் பொருள்: தினம் மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. தட்டில் பரிமாறுவது நீங்கள். அரை மணி நேரம் கூடவே உட்காருங்கள், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் டிவியோ தாயமோ. கலோரி பற்றி வாதம் வந்தால் வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை. "இதுதான் இப்ப மருந்து, நான் பக்கத்துலயே இருக்கேன்" போதும். அப்பா ஒன்று, பாட்டி ஒன்று சொன்னால் நோய் அந்த இடுக்கில்தான் ஒளிந்துகொள்ளும். முதல் வாரமே பெரியவர்கள் தனியாகப் பேசி ஒரே பேச்சுக்கு வாருங்கள். "இப்பதான் கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்று கல்யாண வீட்டில் மெச்சும் அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒரு வாரச் சாப்பாட்டைக் கெடுக்கும். விரதம், நோன்பு எதுவும் இப்போது வேண்டாம். ரமலான் நோன்பிலேயே நோயாளிக்கு விலக்கு உண்டு.

பெரியவர்களுக்குத் தனிநபர் சிகிச்சை, அதாவது உண்ணுதல் கோளாறுக்கென வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை). புலிமியாவுக்கும் பெருந்தீனிக்கும் சுமார் 20 அமர்வுகள், எடை மிகக் குறைந்தவர்களுக்கு 40 வரை. முதல் மாதம் வாரம் இருமுறை. முதல் பாடம் மனதைத் தோண்டுவது அல்ல, நேரம் தவறாமல் சாப்பிடுவது: பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் இரவில் பெருந்தீனி வந்தே தீரும். வாந்தி எடுத்தவர் உடனே பல் துலக்கக் கூடாது, அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரமாவது விட்டுத்தான் துலக்க வேண்டும்.

மருந்துக்கு எல்லை உண்டு. புலிமியாவுக்கு ஃபுளுவாக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்து உதவும். அனோரெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை இதுவரை இல்லை. மனச்சோர்வுக்கும், சிகரெட் பழக்கத்தைக் கைவிடவும் தரப்படும் புப்ரோபியான் மாத்திரை, இந்த இரு நோய்களிலும் வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி சேவையைத் தமிழிலேயே கேட்கலாம், இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரவேண்டும் என்பதைக் கிளெய்ம் மறுக்கப்படும்போது எழுத்தில் கேளுங்கள். சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: "இந்த நோய் உள்ளவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா, டயட்டீஷியனும் மருத்துவரும் உங்களோடு சேர்ந்து பார்ப்பார்களா?" டயட் சார்ட் மட்டும் எழுதித் தருபவர் இதற்குப் போதாது.

எடை திரும்பிய அன்றே சிகிச்சையை நிறுத்துவதுதான் அதிகம் பார்க்கப்படும் பிழை. உடல் முதலில் தேறும், எண்ணங்கள் பல மாதம் பின்தங்கி வரும். முதல் வருடம் தேதி தவறாமல் போய்வாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் எடை இறங்கினால், அல்லது "காலேஜ்லயே சாப்பிட்டுட்டேன்" என்ற பதில் திரும்ப ஆரம்பித்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.