சித்திரப் பாடத்துக்கு இணையப் படம் எடுக்கலாமா?

நல்லூர்க் கோபுரத்தையோ பனங்கூடலையோ கீறக் கொடுக்க, கூகுளில் அகப்பட்ட படத்தைத்தான் பெரும்பாலும் பிரிண்ட் எடுக்கிறோம். வகுப்புக்குள் என்றால் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்காக வகுப்பறைக்குப் பல பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாட்டில், அதாவது உரிமையாளரைக் கேட்காமலே பயன்படுத்தக்கூடியதில், சேர்த்தே சொல்கிறது. அதற்காக "படிப்புக்குத்தானே" என்று எல்லாவற்றையும் அள்ளவும் முடியாது. எவ்வளவு எடுத்தோம், படம் எடுத்தவரின் விற்பனை கெடுமா என்பதும் பார்க்கப்படும்.

படம் வகுப்பை விட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல். பிள்ளை ஒரு புகைப்படத்தை அச்சொட்டாகப் பார்த்துக் கீறியதைக் கண்காட்சியில் விலைக்கு வைப்பது, பாடசாலை நாட்காட்டியில் அடிப்பது, முகநூலில் ஏற்றுவது எல்லாம் வேறு கதை. படமெடுத்தவரிடம் முதலே கேட்டுவிடுங்கள். மூலையில் கிடக்கும் அவர் பெயரை வெட்டிவிட்டுப் போடுவது எங்கட ஆக்களுக்குக் கைவந்த கலை, தயவுசெய்து வேண்டாம்.

எல்லாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையத்தளத்தில் உரிமம் படத்தோடேயே எழுதியிருக்கும். பலவற்றுக்கு எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறித்தால் போதும். அதைவிட லேசான வழி, ஒரு பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் போய் நீங்களே கைபேசியில் நாலு படம் எடுப்பது. உரிமையும் உங்களுடையதே.