குளத்தங்கரையில குப்பைய தட்டிட்டு போயிட்டாங்களா? யாருகிட்ட, எப்படி மனு குடுக்கணும்னு பாப்போம்

கன்னியாகுமரி மாவட்டத்துல கேரளா பார்டர ஒட்டி, களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி லாரி வரும், ரப்பர் தோட்டத்து ஓரத்துலயோ குளத்தங்கரையிலயோ மூட்டைய தட்டிட்டு போயிடும், விடிஞ்சா நாத்தம் தாங்காது. கோழிக் கழிவு, ஓட்டல் எச்சில், சில நேரம் ஆஸ்பத்திரி ஊசி கூட கிடக்கும். செக்போஸ்ட் இருக்கு, ஆனா பார்டர்ல ஊடுவழி எத்தனை இருக்கு! முதல் தடவ புகார் குடுக்கப் போறவங்களுக்குத்தான் இது. மனுவுல ரெண்டு விஷயம் இருக்கணும் மக்களே: அந்த இடம் யாரோடது, குப்பை எங்கிருந்து வந்துச்சு. இது ரெண்டும் இருந்தா "எங்க லிமிட் இல்ல"ன்னு யாரும் திருப்பி அனுப்புறது கஷ்டம்.

முதல்ல ஆதாரம்

கையால எதையும் தொடாதீங்க, ஊசி குத்துனா பெரிய வம்பு. தேதியும் இடமும் போட்டோவுலயே விழுற கேமரா ஆப் ஒண்ணு போனுல போட்டுக்கோங்க. தூரத்துல நின்னு ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, அப்புறம் மூட்டைக்கு வெளிய தெரியுற பில், மருந்துச் சீட்டு, கடை பேரு எல்லாம் படிக்கிற மாதிரி கிட்ட எடுங்க. மஞ்சள், சிவப்பு கலர் பை கிடந்தா அதுல பார்கோடு ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஏன்னா ஆஸ்பத்திரி கழிவுப் பையில பார்கோடு இருக்கணும்னு 2016 மருத்துவக் கழிவு விதியிலயே இருக்கு, அத வச்சு எந்த ஆஸ்பத்திரின்னு பிடிக்கலாம். லாரிய நேர்ல பாத்தா நம்பர மட்டும் எடுத்துட்டு 100க்கு போன் போடுங்க, பைக்ல பின்னாடி விரட்டிட்டு போகாதீங்க.

மூட்டையில கிடக்கிற பில், சீட்டு எல்லாம் எவ்வளவு முக்கியம்னா, 2024 டிசம்பர்ல திருநெல்வேலி நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டுன ஆஸ்பத்திரி கழிவு திருவனந்தபுரத்துல இருந்து வந்ததுன்னு உள்ள கிடந்த நோயாளிங்க சீட்ட வச்சுத்தான் தெரிஞ்சுது. சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கேரளாவ எடுத்துட்டு போகச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, அவங்க ஆளுங்களே லாரியோட வந்து அள்ளிட்டு போனாங்க.

அடுத்து, இடம் யாரோடது

நம்ம மாவட்டத்துல பேரூராட்சி ஜாஸ்தி, ஒரே ரோட்டுல இந்தப் பக்கம் பேரூராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சின்னு இருக்கும். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீஸ்ல கேட்டு சர்வே நம்பர் வாங்குங்க. குளம், கால்வாய்னா நீர்வளத்துறையையும் சேத்து எழுதணும், ரோட்டோரம்னா நெடுஞ்சாலைத்துறை, காடுன்னா வனத்துறை. குப்பைய அள்ள வேண்டியது உள்ளாட்சிதான், அதனால பேரூராட்சின்னா செயல் அலுவலர், ஊராட்சின்னா பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), நாகர்கோவில்னா மாநகராட்சி கமிஷனர் பேருக்கு மனு போகணும்.

மனு எப்படி எழுதணும்

நீளமா வேண்டாம். "சர்வே எண் இன்னது, இன்ன குளத்தின் மேற்குக் கரையில், இன்ன தேதி காலை, கோழிக் கழிவும் மருத்துவக் கழிவும் கொட்டப்பட்டுள்ளது. அதில் கிடந்த பில்லில் இன்ன கடையின் பெயர் உள்ளது. கழிவை அகற்றி, கொட்டியவர் மீது நடவடிக்கை எடுக்கவும்." இது போதும், போட்டோவ பிரிண்ட் போட்டு சேருங்க. பொது இடத்துலயும் நீர்நிலையிலயும் குப்பை போடக்கூடாதுன்னு மத்திய அரசு திடக்கழிவு விதி போட்டிருக்கு, அத நம்ம ஊர்ல நடத்துறது உள்ளாட்சி, கண்காணிக்கிறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதனால நாகர்கோவில்ல இருக்கிற வாரிய ஆபீஸுக்கும் ஒரு காப்பி கட்டாயம். போலீஸுக்கு தனியா ஒரு மனு குடுத்து சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கிற சீட்டு, கேட்டு வாங்குங்க. மருத்துவக் கழிவுன்னா அத தனியா எழுதுங்க, கொட்டுறவங்கள குண்டர் சட்டத்துல உள்ள வைக்கலாம்னு தமிழ்நாட்டுல 2025ல சட்டத்த திருத்திட்டாங்க.

அசையலைன்னா

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு போங்க, இல்ல முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்குங்க. எனக்கு கிராம சபை மேல இன்னும் நம்பிக்கை உண்டு, பத்து பேரு சேந்து தீர்மானம் போடச் சொன்னா அது பதிவேட்டுல ஏறிடும், அப்புறம் யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அதோட தகவல் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) ஒண்ணு போடுங்க, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன தேதி மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்க, யாருக்கு எவ்வளவு அபராதம் போட்டீங்க"ன்னு. 30 நாள்ல பதில் வரணும்.

கடைசி வழி சென்னையில இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு. நஷ்டஈடு கேக்கலைன்னா ஃபீஸ் 1000 ரூபாய்தான், ஆனா பிரச்சனை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், அதுக்கு மேல காரணம் சொன்னா 60 நாள் வரைக்கும் குடுப்பாங்க, அவ்வளவுதான். அதனால சீல் போட்ட மனு காப்பி, சிஎஸ்ஆர், ஆர்டிஐ பதில், முத நாள் எடுத்த போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல தேதி வரிசையா போட்டு வைங்க, வக்கீல் முதல்ல அதத்தான் கேப்பாரு.