ஓடும் நீரை எச்டிஆரில் எடுப்பது எப்படி?

வெயிலில் அருவியின் நுரையும் பாறையிடுக்கின் நிழலும் ஒரே படத்தில் அடங்காது. நுரை வெளுத்துப்போகும், இல்லையேல் பாறை கறுத்துவிடும். இதற்குத்தான் எச்டிஆர்: வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது.

ட்ரைபாடை ஓடும் நீருக்குள் ஊன்றாதீர்கள். அதிர்வு படத்தில் தெரியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8 முதல் 11 வரை, ரா ஃபார்மட் (கேமரா பதிவு செய்த முழுத் தரவும் உள்ள கோப்பு). ஃபோகஸைப் பூட்டிவிட்டு, 2 நொடி டைமரில் மைனஸ் 2, 0, பிளஸ் 2 ஸ்டாப் என மூன்று படங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டுமே. அப்பர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. இருண்ட படத்தின் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து நான்காவது படம் எடுங்கள்.

சிக்கலே தண்ணீர்தான். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு கால் நொடி, 1 நொடி, 4 நொடி என்று எடுத்தால் முதல் படத்தில் நீர் இழையிழையாகவும் கடைசியில் பால்போலவும் இருக்கும். மென்பொருள் இவற்றைக் கலக்கும்போது நுரை சாம்பல் பூத்து, அலைகளுக்கு இரட்டை விளிம்பு வரும். அசைந்தவற்றின் இரட்டை உருவத்தை நீக்கும் டீகோஸ்ட் வசதி ஓரளவுதான் உதவும். நம்பகமான வழி வேறு: பாறைக்கும் மரத்துக்கும் இணைத்த படம், தண்ணீருக்கு மட்டும், நுரை வெளுக்காத ஒரே ஒரு படத்தை மாஸ்க் போட்டு (மற்ற பகுதிகளை மறைத்து) மேலே வையுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அசையாத குளத்தில் இந்தத் தொல்லை இல்லை, காற்று வீசாத வரை. அங்கே போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) முழுதாகத் திருப்பினால் பிரதிபலிப்பு பெருமளவு மறைந்துவிடும், பாதியில் நிறுத்துங்கள்.